ஜெயசிங் அண்ணாச்சியின் டோக்கன் நாற்காலி

முத்தையாபுரம்
11-8-1977

அன்பு மகள் ஜீவமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாய் மழையில் நனைந்து நீ சளி பிடித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் இங்கே ஜெபம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போலத்தான், கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணுகிறாள். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, உப்பளக்காரர்களுக்குத்தான் சந்தோஷம். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தபால்காரர்மேல் பழி போட மாட்டேன், எனக்குக் கோபம், அதனால்தான் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனியில் மெடிக்கல் அட்வைசராகச் சேரப்போகிறேன், இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், அப்பா சம்மதம் என்று எழுதினால்தான் போடுவேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உன் முகம் நினைவு வரவில்லை, ஜெயசிங் அண்ணாச்சியின் முகம்தான் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் மகன் சத்தியராஜும் நீயும் ஒரே வருஷம்தான் படித்து வெளியே வந்தீர்கள், அவனுக்கு உன்னைவிட மார்க்கு குறைவு, இன்றைக்கு மில்லர்புரத்தில் கிளினிக் போட்டுவிட்டான். வாசலில் கைவைத்த நாற்காலியில் அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தகரத்தில் நம்பர் அடித்த டோக்கன் கொடுக்கிறார். அரிசிக்கடையில் மூட்டைமேல் சாய்ந்து கிடந்த மனுஷனை இப்போது பெஞ்சில் இருக்கிறவனெல்லாம் எழுந்து கும்பிடுகிறான். எல வரிசையில நில்லுல, டாக்டர் இப்பதான் காப்பி குடிக்கான் என்று அதட்டல் வேறு. முப்பத்திரண்டு வருஷம் மருந்து கலக்கியவன் நான், கம்பவுண்டர் தேவபிரசாதம் என்றால் தெரியாத ஆள் இல்லை, டிஞ்சருக்கும் மிக்சருக்கும் வித்தியாசம் தெரியாதவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால் வயிறு எரியத்தானே செய்யும். நீ எப்படியும் ஊருக்கு வந்து கிளினிக் வைப்பாய் என்று நானும் ஆசாரியிடம் சொல்லி ஒரு நாற்காலி செய்துவிட்டேன், அவருடையதைவிட நாலு விரல் உயரம். உன் பெயர் எழுதிய போர்டும் வந்து முன்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. உனக்கு இதையெல்லாம் இதுவரை நான் சொல்லவில்லை.

உன் அம்மா உன் கட்சி. துறைமுகத்து டாக்டரு யாருக்கு ஊசி போடுதாரு, லாஞ்சுல போயி அவரு பாத்துக் கையெழுத்துப் போடாம கப்பல்ல இருந்து ஒருத்தன் கரையில கால் வைக்க முடியுமா, அவரும் டாக்டர்தான என்று கேட்டாள். உன்னோடு படித்தவர்களில் ஒருத்தி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், ஒருவன் சுகாதாரத் துறையில் எந்த ஊரில் காலரா என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறான், அதெல்லாம் டாக்டர் வேலை இல்லையா என்றாள். அவர்களைப் பார்த்து எவன் எழுந்து நிற்கிறான் என்று கேட்டேன். உமக்கு மக நல்லாருக்கணுமா, எந்திச்சு நிக்க ஆளு வேணுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு முடியாமல் கம்பவுண்டர் ஆனவன் நான். எனக்குக் கிடைக்காததை நீ கையில் வாங்கி, போதும் என்று வைக்கிறாயே என்று பெற்ற மகள்மேலேயே பொறாமைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன திங்கட்கிழமை, அப்படி என்னதான் கிளினிக் என்று பார்க்க, இல்லாத இருமலை இருமிக்கொண்டு மில்லர்புரம் போனேன். அண்ணாச்சி எனக்கு முப்பத்தி நாலாம் நம்பர் டோக்கன் கொடுத்தார், தெரிந்தவர் என்று முன்னால் ஒரு நம்பர் கொடுத்தாலென்ன. பெஞ்சில் மாப்பிள்ளையூரணி சீனித்தாய் இருந்தாள், மகள் பகவதியையும் பகவதியின் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, டாக்டரய்யா வாரீகளா, இங்கன உக்காருங்க என்று சத்தமாகச் சொன்னாள். அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன், ஆனால் நான் அங்கே உட்காராமல் டாக்டர் அறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஏன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன், அம்மாவுக்குக் காட்டாமல் கவரை ஒட்டிவிடுவேன். மிக்சர் பாட்டிலின் பக்கத்தில் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டுவேனே, ஒரு வேளைக்கு ஒரு பல் என்று, சின்ன வயதில் நீ அந்தத் துண்டுகளை வைத்து விளையாடுவாய். இந்தப் பகவதிக்கு மூன்று வயதாக இருக்கும்போது இருமலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பெரிய டாக்டர் பாளையங்கோட்டை போயிருந்தார். புதிதாக வந்த மருந்து, பெட்டிக்குள் இருந்த தாளில் பெரியவர்களுக்கு எவ்வளவு என்று மட்டும் அச்சடித்திருந்தது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் வரட்டும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எனக்கும் டாக்டராக இருந்து பார்க்க ஆசை. பெரியவர் அளவில் பாதி என்று நானே முடிவு பண்ணிக் காகிதத்தைக் கத்தரித்தேன். பிள்ளை ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வந்தேன் என்று பொய் சொல்லி அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தேன், கர்த்தர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். காரணமே நான்தான் என்று தெரியாமல் சீனித்தாய் அன்றைக்கு என் காலில் விழுந்தாள், அன்றிலிருந்துதான் நான் அவளுக்கு டாக்டரய்யா. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சத்தியராஜ் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. பகவதியின் குழந்தையைப் பார்த்துவிட்டு, மருந்துப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த தாளை விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். குழந்தைகளுக்கு என்று போட்டிருக்கும் இடம் வந்ததும் விரல் நின்றது, அதைப் பார்த்துத்தான் சீட்டு எழுதினான். பெட்டிக்குள் வைக்கிற தாளை எழுதுவதுதான் வேலை என்று உன் கடிதத்தில் இருந்ததே, அந்த வரியை எழுதுகிற இடத்துக்குத்தான் நீ போகிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் டோக்கனை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருமல் நின்றுவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஆகையால் எனக்குச் சம்மதம், கையெழுத்துப் போடு. குழந்தைக்கு எவ்வளவு என்று எழுதாத ஒரு தாளும் உன் மேஜையை விட்டு வெளியே போகக்கூடாது, மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் விடாதே. சீனித்தாயிடம் உண்மையைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாப்பிள்ளையூரணிக்குப் போகிறேன், இனி அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா கருவாடு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் வரும்.

ஒன்றை மறந்துவிடாதே. நீ எழுதி அச்சாகி வருகிற முதல் தாளில் எனக்கு இரண்டு அனுப்பு. ஒன்றை அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் படிப்பேன். மற்றதை ஜெயசிங் அண்ணாச்சி கையில் கொடுத்து, உம்ம மகன் விரல் வைத்துப் படிக்கிறது என் மகள் எழுதினது என்று சொல்லவேண்டும். பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய்.

இப்படிக்கு உன் அன்பு அப்பா,
கம்பவுண்டர் தேவபிரசாதம்