தண்ணீர் ஊதிய விசில்

என் ஆரணியின் அப்பாவுக்கு,

உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆசைதான். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இந்த வாரம் பயமாக இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

வீட்டுச் செய்தியைச் சொல்கிறேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அதே மூன்றாம் மாடிதான், லிஃப்ட் இன்னும் பழுதுதான். பக்கத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரி ஒன்றில் சமைக்கப் போகிறேன். அந்தப் பிள்ளைகள் என் பருப்பைத் தட்டு வழித்துச் சாப்பிடுகிறார்கள். உப்புக் குறைவு என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

ஆரணிக்கு ஒன்பது வயதாகிவிட்டது. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் தமிழ் பேசவே இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள்.

ஏனென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கேதானே படுத்திருந்தீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையிலிருந்து புறப்படும் நேரம் அவள் உங்கள் பெட்டிக்குக் கிட்டப் போய், பள்ளிக்கூடம் போகும்போது சொல்வதுபோல், "போயிட்டு..." என்று தொடங்கினாள். ராசாத்தி மாமி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்திவிட்டார். செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நம் ஆட்கள் போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை. சொன்னால் சாவு அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடும் என்ற பயம். பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. மாமியிலும் பிழையில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்லாமல் வந்த பிள்ளைக்கு யார் என்ன விளக்கம் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போனேன். அமெரிக்கக் கண்டத்தில் வெள்ளைக்காரரின் கப்பல் வந்து சேர்வதற்கு முந்தி வாழ்ந்தவர்கள் செய்த மண்பாண்டங்களைத் தனிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை புதைகுழிகளிலிருந்து எடுத்தவையாம், இறந்தவர்களுக்குத் துணையாக வைத்தவை. கூடத்தில் வெளிச்சம் குறைவு. குடங்களுக்கெல்லாம் முகம் இருந்தது. கண்ணாடியில் எங்கள் முகங்களும் அவற்றின்மேல் விழுந்தபோது எது எங்களுடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் நிற்கிறோமே என்று எனக்குக் கால் கூசியது.

ஒரு மேசையில் விளக்கம் சொல்லும் பெண் இரட்டைக் குடம் ஒன்றை வைத்திருந்தாள். பெரு நாட்டில் கிடைத்த பழைய குடத்தைப் பார்த்து இப்போது செய்தது. இரண்டு வயிறுகளுக்கும் நடுவே ஒரு குழாய், ஒரு பக்கத்தின் மேலே குருவி. தண்ணீர் விட்டுச் சரித்தால் தண்ணீர் மறுபக்கம் ஓடி உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளும், குருவி விசில் அடிக்கும். ஊதுவதற்கு ஆளே தேவையில்லை என்று அவள் சொன்னதை ஆரணி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் குடத்தைச் சரித்தாள். குட்டையாக ஒன்று, பிறகு இழுத்து ஒன்று.

உங்கள் விசில். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, கதவுத் திறப்பைப் பையின் அடியில் தேடப் பஞ்சிப்பட்டு, நான் வந்து திறக்கட்டும் என்று படிக்கட்டில் நின்று அடிப்பீர்களே, அதே விசில். ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பா படியில நிக்கிறார்."

தமிழில் சொன்னாள். வீட்டில் விசில் கேட்டதும் கதவுக்கு ஓடும்போது சொல்லும் அதே வார்த்தை. அழுவதா, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன். போவோம் என்று சொன்னேன். அவள் குடத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

"போயிட்டு வாறன் அப்பா."

மாமியின் கை போலவே என் கையும் எழும்பியது. அவள் வாய்வரை போய் நின்றுவிட்டது. இவ்வளவு நாள் காத்திருந்த தமிழை நானே எப்படிப் பொத்துவது? திரும்பி நடந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் குடம் இன்னொரு முறை விசில் அடித்தது. மேசையில் வைத்த குடத்தை யாரும் தொடவில்லை. உள்ளே மிச்சத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஆரணி வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறாள். சந்தோஷத்தில் எனக்கு நித்திரை இல்லை. நித்திரை இல்லாததற்கு அது மட்டும் காரணமில்லை.

நேற்றுப் பின்னேரம் படிக்கட்டிலிருந்து விசில் கேட்டது. குட்டையாக ஒன்று, இழுத்து ஒன்று. ஆரணி ஓடினாள். அவளை முந்திக்கொண்டு போய்க் கதவில் சாய்ந்து நின்றேன். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்தான் என்று அவளுக்குச் சொன்னேன். குழாயாகத்தான் இருக்கும், இல்லையா? கதவின் மறுபக்கம் யாரோ பொறுமையாக நிற்பதுபோல் இருந்தது. உங்களுக்கு எத்தனை நாள் புறுபுறுத்துக்கொண்டு கதவு திறந்திருக்கிறேன், நேற்று மட்டும் திறக்கவில்லை.

நீங்கள் வந்ததில் எனக்குக் கோபமில்லை. அவள் வாறன் என்றாள், நீங்கள் கூட்டிப்போக வந்தீர்கள். சொன்னது சின்னப் பிள்ளையப்பா. அவள் கொடுத்த சொல்லை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள், வரப்போகிறவள் நான். அதுவும் இப்போதில்லை. அவளை வளர்த்து, அவள் தலையில் முதல் நரையைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன், இது சத்தியம். அதுவரை படிக்கட்டில் நிற்பதென்றால் நில்லுங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசில் மட்டும் அடிக்க வேண்டாம். அவள் ஓடி வந்துவிடுவாள்.

அன்று மலர்ச்சாலையில் நானும் பேசாமல்தான் எழும்பி வந்தேன். இப்போது சொல்கிறேன். போயிட்டு வாறன்.

உங்கள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்,
ஆரணியின் அம்மா