அசலில் இல்லாத கம்பி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

வணக்கம். நானும் சின்னவளும் ஏதோ இருக்கிறோம். கப்பலில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலை முடிந்தால் கொஞ்சமாவது கண்ணயர்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "விசாரிச்சியா, விசாரிச்சியா" என்று கேட்கிறீர்கள், நான் "விசாரிக்கிறேங்க" என்கிறேன், அதற்குள் லைன் போய்விடுகிறது. கடிதத்தைக் கப்பல் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்ப்பார்களாம்.

பெரியவன் போன பிறகு நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு வாங்கிக் கொடுத்த அதே பந்தயக் கார், பழைய காலத்து அசலைப் பார்த்துச் செய்த அதே மாதிரி நகல் வண்டி, இன்னொன்று வேண்டும். இந்த முறை நம்பிக்கையான ஆளாகப் பார்த்து நான் முடிவு செய்து வைக்க வேண்டும். லீவில் வந்ததும் அதே தண்ணீர்த் தொட்டி வளைவில் அதே வேகத்தில் நீங்கள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்த வண்டியாக இருந்திருந்தால் நம் பிள்ளை கவிழ்ந்திருக்க மாட்டான் என்று நிரூபிக்க வேண்டும் என்றீர்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெண்டைக்காயையே பார்த்து வாங்கத் தெரியாது என்று என்னைக் கேலி செய்தவர், கார் பார்க்க அனுப்புகிறீர்கள். போனேன்.

வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நீங்கள் சொன்ன முதல் ஆளைப் பார்த்தேன். கடை என்றா சொல்வது, கல்யாண மண்டபம் மாதிரி விளக்கு. சிவப்பில் இரண்டு, நீலத்தில் ஒன்று, முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டேன். பெயின்ட் அடிக்காத வண்டி ஒன்றைக் காட்ட முடியுமா, அடிச்சட்டத்தை வெல்டிங் செய்வது யார், இன்ஜின் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று. அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், பட்டறையெல்லாம் ரொம்ப தூரம், ஒரே தூசி, உங்களுக்கு ஒத்துக்காது" என்றார். கடைசியில்தான் தெரிந்தது, அவர் எதையும் செய்வதில்லை. எங்கிருந்தோ பெட்டியில் வருகிறது, இவர் துடைத்து நிறுத்துகிறார். வெல்டிங் செய்தவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ஏற்கெனவே வாங்கியவர் ஒருவரிடம் பேச வேண்டும் என்றேன். ஒரு நம்பர் கொடுத்தார். வெளியே வந்து பேசினேன். எதிர்முனையில் ஒருவர் வண்டியைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், சற்றுமுன் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தவர் கண்ணாடிக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள். கார் என்ற பேச்சு வந்தாலே அவள் அப்படித்தான் செய்கிறாள்.

இரண்டாவது ஆள் பரவாயில்லை, கையில் வேலை இருக்கிறது. அவரே செய்கிறார், அவர் வைத்த வெல்டிங் வரிசையாகப் பின்னல் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பல் டாக்டருக்கு என்று ஆரம்பித்த வண்டி ஓரமாக நிற்கிறது, அதன் சீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. அந்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றி இன்னொருவர் வண்டிக்கு மாட்டியிருக்கிறார். டாக்டர் கேட்கவில்லையா என்றேன். "கேப்பாரு, வாரா வாரம் கேப்பாரு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்தான், ஆனால் அவரிடம் ஒரு பொருளை ஒப்படைக்க முடியாது.

வண்டியைப் பற்றித் தெரிந்த நாலு பேரிடம் கேட்டதில், எல்லோரும் மரக்கடைத் தெருவுக்கு அப்பால் ஒரு பட்டறைக்காரரைச் சொல்கிறார்கள். நீங்கள் அவரைச் சொல்லவில்லை. வருகிற வாரம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நலனையே நினைத்திருக்கும்,
உங்கள் மனைவி

*

என் அன்புக்குரிய உங்களுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்தது. இன்னுமா ஒருவரை முடிவு செய்யவில்லை என்று கோபித்திருக்கிறீர்கள். "யாரிடம் கொடுத்தாலும் சரி, முன்பு வாங்கியது போலவே இருக்க வேண்டும், அசலில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

மரக்கடைத் தெருப் பட்டறைக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தகரக் கூரை, உள்ளே மரத்தாங்கிகளின் மேல் பெயின்ட் இல்லாமல் கிடக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம், சுவரில் சாய்த்து வைத்த கார்க் கதவுகள். நாம் மூன்று பேரும் முன்பு வந்த இடம். பெரியவன் அவருக்கு "முடியாது" என்று பட்டப்பெயர் வைத்தானே, அதே மனிதர். நீங்கள் இவர் பெயரைச் சொல்லாததற்கு மறதிதான் காரணமா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

நீங்கள் சொல்லிக் கொடுத்த கேள்வி எதையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் காட்டினார். வாங்குகிறவர் நேரில் வந்து ஒவ்வொரு வெல்டிங்கையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெயின்ட் அடிப்பாராம். வாங்கியவர்களிடம் பேச வேண்டும் என்றேன். இரண்டு பேர் அங்கேயே வண்டியைச் சரிபார்க்க வந்திருந்தார்கள். என்னை அவர்களிடம் விட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு வெளியே போய்விட்டார். ஒருவர், "மனுஷன் பேச்சு முள்ளுதாங்க. ஆனா இவர் வண்டிய ஓட்டிட்டுப் போனா எங்க வீட்ல நிம்மதியா இருக்காங்க" என்றார்.

அப்புறம் அவர் வழக்கமாகச் செய்வதைப் பார்த்தேன். வண்டி கேட்டு வருகிறவரை முதலில் சீட்டில் உட்கார வைக்கிறார். சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேல் வளைந்து நிற்கிற கனமான இரும்புக் கம்பியின் உச்சியிலிருந்து முன்பக்கம் வரை ஒரு மரச்சட்டத்தை வைக்கிறார். உட்கார்ந்தவர் தலை அந்தச் சட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கூரை இல்லாத வண்டி கவிழ்ந்தால் தரைக்கும் தலைக்கும் நடுவே இருப்பது அந்தக் கம்பி ஒன்றுதான் என்றார். தலை இடித்தால் சீட்டை இறக்குவார். கம்பி வேண்டாம் என்றால் வண்டி கிடையாது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரியவனை உட்கார வைத்தபோது அவன் உச்சந்தலையில் சட்டம் இடித்தது, அவன் சிரித்தான். நீங்கள் அசல் வண்டியின் படங்களை விரித்து, "இதுல எங்கய்யா இருக்கு கம்பி? அசல்ல இல்லாத ஒண்ணு என் வண்டியில இருக்கக் கூடாது" என்றீர்கள். அவர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்ப என்னால முடியாதுங்க" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார். வரும் வழியெல்லாம் அவரை மாதிரி பேசிக் காட்டினீர்கள். பெரியவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நானும்தான் சிரித்தேன். பிறகு நாம் போய்ச் சேர்ந்த வியாபாரியிடம் நீங்கள் என்ன சொன்னாலும், "செஞ்சிடலாம் சார்" என்றார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார்.

அந்த வியாபாரியை நீங்கள் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வெல்டிங் விட்டுவிட்டது, ஏமாற்றிவிட்டான் என்று. விபத்து வண்டியைப் பார்த்த அதிகாரி அடிச்சட்டத்தில் வெல்டிங் எங்குமே விடவில்லை என்று நம் இருவர் எதிரிலும் சொன்னார். அவரும் காசு வாங்கிவிட்டார் என்றீர்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. யாரையாவது திட்டிக்கொண்டாவது நீங்கள் எழுந்து நடமாடினால் போதும் என்றுதான் இருந்தேன். இன்றைக்கும் அப்படியே இருக்கத்தான் ஆசை.

பட்டறைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "தம்பி எப்படிம்மா இருக்கு? நல்லா வளந்த பையன், தலை இடிச்சுதே" என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால், எப்படி என்று கேட்டிருப்பார். கவிழ்ந்தது என்றால் அடுத்த கேள்வியைக் கேட்கவே மாட்டார், என் முகத்தை மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. "வேற எங்கயாவது வாங்குனாலும் சரிம்மா, கம்பி வெச்சதா பாத்து வாங்குங்க, எனக்கு அது போதும்" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். நான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டேன்.

எழுத எழுதக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது ஆளும் சரியில்லை என்று ஒரு பொய்யை எழுதினால் தீர்ந்தது என்று பார்த்தேன். ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று நான் எழுதினால் நீங்கள் வந்திறங்கி, "செஞ்சிடலாம்" என்று சொல்ல இன்னொருவரைத் தேடிப் பிடிப்பீர்கள். அதே மாதிரி வண்டி, அதே வளைவு, தலைக்கு மேல் எதுவும் இல்லாமல். நீங்கள் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் உள்ளுக்குள் தெரியும் என்றுதான் பயமாக இருக்கிறது.

அதனால் யாரிடமும் வண்டிக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நம்பிக்கையான ஆள் யார் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்தான். அன்றைக்கும் அவர்தான்.

அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் பேச மாட்டேன், இந்தக் கடிதத்திலும் பேச மாட்டேன், நீங்கள் வந்த பிறகும் பேச மாட்டேன். சின்னவள் நேற்று, "அப்பா வண்டிய ஓட்ட வராரா, நம்மளப் பாக்க வராரா?" என்று கேட்டாள். நான் அவள் தலையைப் பின்னிவிட்டேன்.

இதைப் படித்ததும் தனியாக மேல்தளத்துக்குப் போகாதீர்கள். யாராவது கூட இருக்கும் இடத்தில் உட்காருங்கள். கேப்டனிடம் சொல்லி, லீவு நாளுக்குக் காத்திருக்காமல் முதல் துறைமுகத்திலேயே இறங்கிவிடுங்கள். என்மேல் கோபம் வரும், வரட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். ஆனால் இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து கோபப்படுங்கள். கடவுள் உங்களை எங்கள் கண்ணில் முழுசாகக் காட்டட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி