மருமகள் வாயில் வராத பெயர்

அன்புள்ள மகன் எர்மெக்குக்கு,

இங்கே ஆட்களும் சுகம், ஆடுமாடுகளும் சுகம், குளிர் மட்டும் கிளம்ப மனமில்லாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. லைப்சிக்கில் நீயும் நீ ஓட்டும் பேருந்தும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும். ஜூராவின் ஜெர்மன் தேர்வு முடிவு உனக்குப் போனிலேயே தெரிந்திருக்கும், அதைச் சொல்ல இல்லை இந்தக் கடிதம். நடந்தது என்ன என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை, உன் பெண்டாட்டி ஜூரா பக்கத்திலேயே நிற்கிறாள், தன்னைப் பற்றிப் பேச்செடுத்தாலே கன்னம் சிவந்து மாட்டுக்கொட்டகைக்கு ஓடிவிடுகிறாள். அதனால் உன் சித்தப்பா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டையும் வருகிறது, வழியில் அவனே தின்று தீர்க்காமல் இருந்தால்.

போன தடவை அவள் தேறவில்லை என்றதும் நீ போனில், "அங்க உக்காந்து என்னதான் படிச்சா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. அவள் படித்த படிப்பை நீ பார்த்திருக்கவேண்டும். வீட்டில் இருக்கிற சாமானுக்கெல்லாம் ஜெர்மன் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினாள், டீ கொதிக்கும் சமோவாரில், தொட்டிலில், வெண்ணெய் கடையும் மத்தில், உன் அப்பாவின் கம்பளித் தொப்பியில். மனிதர் அந்தச் சீட்டோடு ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்தார், ஊரே சிரித்தது. அந்த மொழியில் மேஜை ஆணாம், கதவு பெண்ணாம், சின்னப் பெண் மட்டும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லையாம். இது என்ன அநியாயம் என்று நான் கேட்டால், "அதெல்லாம் ஏன்னு கேக்கக் கூடாதாம் அத்தை, அப்படியே முழுங்கணுமாம்" என்று சொல்லிவிட்டு மாவு பிசைந்துகொண்டே முணுமுணுப்பாள். ஜெர்மன் தேர்வில் தேறிய சான்றிதழ் இல்லாமல் விசா கிடைத்து உன்னிடம் வந்து சேர வழியில்லை, கல்யாணமான கையோடு நீ விமானம் ஏறிவிட்டாய், படிக்காமல் இருப்பாளா.

அப்புறம் ஒருநாள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெகிமாய் டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னப் பெண், தலைநகர் பிஷ்கெக்கில் பிறந்து வளர்ந்தவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டீயைக்கூடத் தொடாமல், "அக்கா, என்கிட்ட படிக்கிறவங்கள்ல இவதான் கெட்டிக்காரி. கடைக்குப் போறது, டாக்டர்கிட்ட பேசறது, ரயில் கேக்கறது எல்லாம் கொட்டறா. ஆனா உங்க பேர் என்ன, குடும்பப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கன்னு கேட்டா ஊமையாயிடறா. பரீட்சையில அதுதானே முதல் கேள்வி! அதுல நின்னவ அப்புறம் எதுவுமே பேசலை. இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னே எனக்குத் தெரியலை" என்று அழாத குறையாகச் சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் குடும்பப் பெயர் உன் தாத்தாவின் பெயருக்கு ஒரு வால் ஒட்டியதுதானே. புகுந்த வீட்டுப் பெரியவர் பெயர் மருமகள் நாக்கில் ஏறலாமா? நானே இத்தனை வருஷமாகத் தபால் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டைத் தூக்கி நீட்டிவிடுவேன். ஆனால் அந்தத் தேர்வில் நீட்டினால் போதாதாம், வாயால் சொல்லவேண்டுமாம்.

உன் அப்பா உடனே, "தாராளமா சொல்லட்டுமே, எங்கப்பா எழுந்து வந்து சவுக்கால அடிக்கவா போறாரு?" என்றார். ஜூரா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க விட்டுட்டீங்க மாமா, என் நாக்கு விடமாட்டேங்குதே" என்றாள். பெகிமாய், "நீ ஜெர்மன்லதானே சொல்லப்போற, நம்ம பாஷையில இல்லையே" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அதற்கு இவள் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "எந்தப் பாஷையில கூப்பிட்டாலும் தாத்தாதானே டீச்சர் திரும்பிப் பாப்பாரு?"

அந்த வியாழக்கிழமை நான் மாவு பிசைந்து, எண்ணெய் காயவைத்து, செத்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று ரொட்டி பொரித்தேன். உன் அப்பா அவர்களுக்காக ஓதி முடித்தார். நான் கரண்டியோடு எழுந்து நின்று, "மாமா, உங்க பேரன் பொண்டாட்டி தூர தேசத்துக்குப் போகணும், உங்க பேரைச் சொன்னாத்தான் கதவு திறக்குமாம், கோவிச்சுக்காதீங்க" என்றேன். சொல்லிவிட்டு, இந்த வீட்டில் காலெடுத்து வைத்ததிலிருந்து சொல்லாததைச் சொன்னேன். கெரிம்குல் மாமா என்று வாய்விட்டே சொன்னேன் எர்மெக். உன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார், தன் தகப்பன் பெயரை என் வாயால் அவர் கேட்டதே இல்லை. இப்ப நீ சொல்லு என்று ஜூராவைப் பார்த்தேன். கொதிக்கிற பாலை உறிஞ்சுகிறவள் போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், ஜெர்மனில், கடைசி எழுத்து வரைக்கும். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது, ஆனால் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிற மொழி படிப்பது என்றால் சொற்களை உருப்போடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தேர்வன்று உன் அப்பாதான் அவளைக் கூட்டிப்போனார். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்கள். இவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டி, நம் மருமகள்கள் பெரியவர்களை வணங்குவதுபோலக் குனிந்து வணங்கினாள். பிறகு உட்கார்ந்து பெயரைச் சொன்னாள், எழுத்துக்கூட்டியும் சொன்னாள். அவர்களில் ஓர் அம்மாள் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டிருக்கிறாள். இதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. ஜூரா கொஞ்சம் யோசித்துவிட்டு, தானாகவே சொல் தேடிக் கோத்து, "இது என் கணவரின் தாத்தா பெயர், அவர் பெரியவர், அதனால் வணங்கினேன்" என்று ஜெர்மனில் சொன்னாளாம். அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. தேறிவிட்டாள். பெகிமாயிடம் இதைச் சொன்னபோது அவள் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள், "அந்த வாக்கியத்தை நான் சொல்லித்தரலை அக்கா, நான் சொல்லித்தரவே இல்லை" என்று.

எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், பேருந்து ஓட்டும்போது போனை எடுக்காதே, வெறும் ரொட்டியும் காப்பியுமாக வயிற்றைக் காயப்போடாதே. உங்கள் இருவருக்கும் வழி வெளிச்சமாக இருக்கட்டும், வாசலில் பிள்ளைக் குரல் கேட்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவளிடம் பெயர் கேட்பார்கள். அவள் எழுந்து வணங்குவாள். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு அவள் கையைப் பிடித்து இழுக்காதே. அவள் எழுந்தால் நீயும் எழுந்து நில்.

உன் அம்மா,
கனிமெத்
ஆத்பாஷி