கால்கள் மட்டும் விழுந்த படம்

இராஜபாளையம்,
நவம்பர் 12.

அன்புள்ள மைத்துனன் ஆஸ்டினுக்கு,

அத்தான் தங்கச்சாமி எழுதுவது. எதை எழுதினாலும் ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவது உங்கள் வீட்டு வழக்கம். உன் அக்கா மளிகைச் சீட்டின் தலையில்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் உளுந்து, துவரை என்று எழுதுவாள். அவள் பொருட்டு நானும் போடுகிறேன். ஸ்தோத்திரம்.

கடிதத்துக்கு முன்பே கவரை எழுதிவிட்டேன். என் பெயரைப் பார்த்தால் நீ பிரிக்காமல் போட்டுவிடுவாய் என்று அனுப்புநர் இடத்தில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினேன். இந்த ஊரிலிருந்து உனக்குக் கடிதம் போட என்னைத் தவிர இனி ஆள் இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. இருக்கட்டும்.

போனில் பேசியிருக்கலாம். உன் எண்ணைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவிலேயே அழித்துவிட்டேன். கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் நீ ‘சொல்லுங்கத்தான்’ என்றதும் நான் வைத்துவிடுவேன். உன்னிடம் ஒரு பொருளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதினால்தான் என்னால் முழுதாகக் கேட்க முடியும்.

நான் இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. பேண்டேஜ் கம்பெனியில் அதே லேப், அதே நாற்காலி. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வாங்கியவன், காயம் கட்டுகிற காஸ் துணியைத் தண்ணீரில் போட்டு அது எத்தனை நொடியில் மூழ்குகிறது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தாகிவிட்டது. எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவன் இப்போது மேனேஜர் அறையில் இருக்கிறான். என்னைப் பார்த்தால் எழுந்திருப்பதுபோல் அசைவான், எழுந்திருக்க மாட்டான். சபையிலும் மரியாதை அப்படித்தான். உன் அக்காவின் முதல் வருட நினைவு ஆராதனையில் அவள் பெயரையே மாற்றி அருள்மணி என்று வாசித்தார்கள். இருபது வருடம் பாடகர் குழுவில் நின்றவள். யாரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வாசலுக்குப் போகவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கல்லறைத் தோட்டத்து வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்குக் கேட்க வேண்டுமென்றே நீ யாரிடமோ சொன்னாயே: “அக்காவை மெட்ராஸுக்குக் கூட்டியாந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்.” மதுரை டாக்டர் சொன்னது என்ன, நான் ஏன் அங்கேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன் என்று உனக்குப் பதில் சொல்ல அன்றே என்னிடம் எல்லாம் இருந்தது. இன்றும் இருக்கிறது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் தொண்டையில் வைத்த குழாய் இல்லையென்று ஆகிவிடாது.

கடைசி மூன்று வருடம் அவள் என்னை ஸ்பூனால்தான் கூப்பிட்டாள். எவர்சில்வர் டம்ளரில் ஒரு தட்டு தட்டினால் வாங்க என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் போதும், போங்க. கோபம் வந்தால் தாளமே போடுவாள். நான் அடுக்களையில் எதையாவது தீய விட்டுவிட்டால் கட்டிலிலிருந்து அந்தத் தாளம் கேட்கும். இப்போது பக்கத்து வீட்டில் யாராவது காப்பி ஆற்றி ஸ்பூனைப் போட்டால் நான் பேப்பரை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். எழுந்த பிறகு சும்மா உட்கார முடிவதில்லை. ஜன்னலைச் சாத்துகிறேன், இல்லையென்றால் திறக்கிறேன்.

ஆஸ்டின், எனக்கு அவள் குரல் மறந்துகொண்டு வருகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். அவள் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் நினைத்துப் பார்த்தால் எல்லாம் என் குரலிலேயே கேட்கிறது. அவளிடம் இருந்தது பொத்தான் போன். பெரிய போன் வாங்கிக் கொடுத்த மாதம் குழாய் வைத்துவிட்டார்கள். எங்கள் கல்யாண வீடியோ முழுக்க பேண்டு வாத்தியம். பாடகர் குழு பாடியது ஒன்று சபையில் இருந்தது, வாங்கிவந்து கேட்டேன். அத்தனை குரலுக்குள் அவளுடையது எது என்று புருஷனான என்னால் பிரிக்க முடியவில்லை.

அதனால்தான் நீலச்சங்கு பார்க்கைப் பற்றி எழுதுகிறேன்.

உனக்கு மறந்திருக்காது. கடலை ஒட்டியிருந்த அந்தப் பார்க்குக்கு நாம் எல்லாரும் போனபோது உன் மகள் வின்சிக்கு நாலு வயது. நாங்கள் இருவரும் பொதிகை ரயிலில் மெட்ராஸ் வந்து இறங்கினோம். உன் வீட்டுக்கென்று அவள் புத்தூர் பால்கோவா வாங்கி வந்திருந்தாள். அதை வீட்டில் வைக்காமல், பிள்ளைக்குப் பசிக்கும் என்று பைக்குள் போட்டுப் பார்க் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று வாசலில் காவலாளி மறித்தான். குப்பைத் தொட்டியைக் கையால் காட்டினான். உன் அக்கா அந்தத் தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “வீசுறதுக்கா இம்புட்டுத் தூரம் சுமந்து வந்தேன்? செத்த நில்லுங்க, தின்னுட்டே வாரோம்” என்று பெட்டியைப் பிரித்துவிட்டாள். நமக்கு ஆளுக்கு ஒரு கை. பின்னால் வரிசையில் நின்ற ஆந்திராக் குடும்பத்துக்கு, நம் ஊர் ராஜுக்கள் வீட்டில் பழகிய நாலு வார்த்தைத் தெலுங்கோடு, ஆளுக்கு ஒரு கை. கடைசியில் அந்தக் காவலாளியும் திரும்பி நின்று தின்றான். காலி பெட்டியை அவளே தொட்டியில் போட்டுவிட்டு ராணி மாதிரி உள்ளே போனாள்.

அந்த நாளில் எனக்கு யார்மீதும் கோபம் இல்லை. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் உண்டு என்பதை நீயாவது சாட்சி சொல்ல வேண்டும். அலைக் குளத்துக்கு வாடகைக்குக் கொடுத்த நைலான் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தில் வின்சியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் அலை அடித்ததும் கூச்சம் போய்விட்டது. கரையில் நின்றால் குளோரின் வாடையும் கடல் காற்றும் சேர்ந்து வந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் நிஜக் கடல் சும்மா கிடக்க, இந்தப் பக்கம் காசு கொடுத்து அலை வாங்குதோமே என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

உன் ஹேண்டிகேமை என் கழுத்தில் மாட்டினாய். எப்படி அமுக்குவது என்று காட்ட வந்தாய். நான்தான் முந்தின நாளே அதன் கையேட்டை முழுதாகப் படித்திருந்தேனே. தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். நீ காட்டுவதற்காக அமுக்கியபோதே அது ஓட ஆரம்பித்துவிட்டது என்பதைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு எல்லாமே தலைகீழ். படம் எடுக்கிறேன் என்று தூக்கிப் பிடித்து அமுக்கும்போதெல்லாம் நின்றது. முடிந்தது என்று அமுக்கித் தொங்கவிட்டபோதெல்லாம் ஓடியது.

கப்பல் ஊஞ்சலில் ஏறுமுன் எல்லாரும் என்னிடம் செருப்பையும் பையையும் கொடுத்தீர்கள். நான் ஏறவில்லை. யாராவது படம் எடுக்க வேண்டாமா என்றேன். அவள் பக்கத்தில் வந்து, பயமென்றால் பயமென்று சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். நானும் நம்பி ஆமாம் என்றேன். அடுத்த மூச்சில், “ஏலே ஆஸ்டின், ஒங்க அத்தான் பயப்படுதாவலே” என்று கத்திவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் புத்தூர் வீட்டில் சொந்தம் அத்தனையும் கூட்டி வைத்து டிவியில் போட்டாய். ராட்டினம் இல்லை, அலை இல்லை, கப்பல் இல்லை. என் கால் பெருவிரல். டைல்ஸ். நாலு ஜோடி செருப்பு. மணல். மறுபடி என் கால். என் பயம் மட்டும் அவள் வாயால் ஊருக்கே கேட்டது. வீடே உருண்டு சிரித்தது, அவளும் சிரித்தாள். அன்றைக்கு நானும்கூடச் சிரித்தேன். ஆனால் நீ அதோடு விட்டாயா? கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் என்னைக் கண்டால் ‘கால் டைரக்டர் வாராரு’ என்றாய். பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவன் வரை தெரிந்துவைத்திருந்தான். கம்பெனியில் ஒருவன் போதாதென்று வீட்டிலும் ஒருவனா என்று எனக்கு ஆகிவிட்டது. இன்னொரு கிறிஸ்துமஸில் எல்லார் முன்னாலும் இலையை விட்டு எழுந்து, அந்த டேப்பை அழித்தால்தான் இந்த வீட்டுப் படி ஏறுவேன் என்று சொன்னேன். நீயும் கையைக் கழுவிக்கொண்டே, “சரித்தான், அழிச்சிருதேன்” என்றாய்.

பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று திரும்பும் பஸ்ஸில் உன் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வன்னியம்பட்டி விலக்கு தாண்டும்போது மட்டும், அதில் நாம் பேசினது இருந்துச்சே என்றாள். வெறும் மணல்தானே என்று நான் சொன்னேன்.

அவள் சொன்னது எந்தப் பேச்சு என்று இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. சாயங்காலம் நீங்கள் வின்சியைக் குதிரை ராட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் இருவரும் கடல் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கேமரா என் வயிற்றில் தொங்கியது. நீ டிவியில் போட்டபோது அந்த இடத்தில் படம் மணலாகவே நின்றதால், சலித்துப்போய் வேகமாக ஓட்டிவிட்டாய். அதில் அவள் நெடுநேரம் பேசினாள், ஆஸ்டின். என்ன பேசினாள் என்று எனக்கு நினைவில்லை. பெரிய விஷயமாக இருக்காது. வாசலில் காயப்போட்ட வடகத்தை எடுத்து வைத்தோமா என்று கேட்டிருப்பாள். பிள்ளை இல்லாத குறையைப் பற்றி ஏதாவது சொன்னாளோ, அதுவும் தெரியாது. நான் ம், ம் என்று சொல்லியிருப்பேன். அவள் பேச்சில் யாரும் கேட்காமல் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

போன வாரம் லீவு போட்டுப் புத்தூர் போனேன். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பழைய டேப்பையெல்லாம் பென் டிரைவில் மாற்றித் தருகிறார்களாம். கையில் டேப்பே இல்லாமல் போய் விசாரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பையன், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் வந்துவிடும், கொண்டுவாருங்கள் சார் என்றான். கடல் பக்கத்து ஊரில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்குமாம். மச்சினனிடம் இருக்கிறது என்று அவனிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் உங்கள் பழைய பக்கத்து வீட்டு மகாலட்சுமியைப் பார்த்தேன். வின்சி வேலைக்குப் போவதாகச் சொன்னாள். சந்தோஷம். பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அன்றைக்கு என் தோளில் தூங்கிச் சட்டையெல்லாம் ஐஸ்கிரீம் ஆக்கினாள் என்றும் சொல்.

வீட்டில் தேடிப் பார். பீரோவுக்கு மேலே, பரணில், கேமராப் பையில். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட். கிடைத்தால் தபாலில் போடாதே, தொலைத்துவிடுவார்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன். நீ வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம். வாசலில் வைத்துக் கொடுத்தால் போதும். கால் டைரக்டர் வந்திருக்கார் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாலும் சரி.

முப்பது வருடத்தில் என் சொல்லை நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதை உன்மேல் ஒரு குறையாகவே வைத்திருந்தேன். அழித்துவிடு என்று அன்று சொன்னதையும் நீ கேட்டிருக்கக் கூடாது என்று இந்தக் கொஞ்ச நாளாகக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

ஒருவேளை என் சொல்லைக் கேட்டு அழித்துவிட்டாய் என்றால், மாப்பிள்ளை, பதில் எழுதிவிடாதே. தபால் தாமதம் என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்தத் தெருவுக்குத் தபால்காரர் பதினோரு மணிக்கு மேல்தான் வருவார். அதுவரை காத்திருப்பது என்று எனக்கு வீட்டில் ஒரு வேலை இருந்ததாக இருக்கும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக.

உன் அத்தான்,
தங்கச்சாமி