பூஞ்சை தின்ற பிளாப்பி

என் பாக்கியம் அக்கா, எங்கிருந்தாலும் கேள்,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த உன் கம்ப்யூட்டர் பிளாப்பித் தட்டுகள் இரண்டிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏலத்தோட்டத்துக் குழந்தைகளில் யாருக்கு எப்போது தடுப்பூசி என்று பட்டியல் போட நீ எழுதிய புரோகிராம் அவற்றில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்துவிட்டது.

மதுரையிலிருந்து ஆள் வர இரண்டு வாரம் ஆகுமாம். குழந்தைகளின் ஊசி அட்டைகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டாலும் பத்து நாளாகும். நர்ஸ் ரீத்தா சிஸ்டர் கையைப் பிசைந்தார். "வியாழக்கிழமை ஜீப்பு போடிமெட்டுக்கு ஏறணும். யாருக்கு ஊசின்னு தெரியாமப் போயி என்ன சோலி பாக்குறது?"

"அக்கா மொதல்ல நோட்டுலதான் எழுதுச்சு சிஸ்டர். நோட்டு வீட்ல இருக்கு. நான் அடிக்கிறேன்" என்றேன்.

"ஒனக்கு டைப்படிக்க மட்டுந்தான தெரியும்?"

"அடிக்கிறப்பத் தெரிஞ்சுக்கிறேன்."

தெரிந்துகொண்டேன், அக்கா. பூஜ்யத்துக்கு நீ ஏன் குறுக்குக்கோடு போட்டாய் என்பது, அதை இங்கிலீஷ் 'ஓ' என்று அடித்துக் கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கிய பிறகு புரிந்தது. ஆனால் ஒரு வரியைப் பூச்சி அரித்திருந்தது. ஓரத்தில் 'மாச வயசு' என்ற உன் பென்சில் எழுத்து மட்டும் மிச்சம். அங்கேதான் அழுதேன். இனி யாரைக் கேட்பேன்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே ஒரு வரி எழுதினேன். இந்த மாதத்திலிருந்து பிறந்த மாதத்தைக் கழித்தேன். நாலைந்து அட்டைகளைப் போட்டுப் பார்த்தோம். போன டிசம்பரில் பிறந்த பையனுக்கு இந்தச் செப்டம்பரில் மைனஸ் மூன்று வந்தது.

"இந்தப் புள்ள இன்னும் பொறக்கவே இல்லையா தாயி?" என்று சிஸ்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வருடத்தை மறந்திருக்கிறேன்! வருட வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கூட்டினேன். ஒன்பது மாதம். தட்டம்மை ஊசி போடவேண்டிய சரியான வயது. என் தப்பு அப்படியே நின்றிருந்தால் அவன் பெயர் விட்டுப்போயிருக்கும்.

இரண்டு நாள் சிஸ்டர் அட்டைகளை வாசிக்க, நான் அடித்தேன். வியாழக்கிழமை பட்டியலோடு ஜீப் ஏறியது. சாயங்காலம் இறங்கி வந்த சிஸ்டர், "அந்த டிசம்பர் பய ஊசி போட்டதும் என் கண்ணாடியப் பிடுங்கிட்டான்டி" என்றார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

தேவாரம் ஊர்ப் பக்கத்துக் குழந்தைகளையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு உன் புரோகிராமைப் பிரித்து மாற்றி எழுதவேண்டும். எழுதிவிடுவேன், அக்கா. தப்பு வந்தால் கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியும்.

உன் கூடப்பிறந்தவள்,
கமலா