ஒரு குறையும் இல்லை சார்

வெம்பக்கோட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

பாண்டிச்செல்வி எழுதிக்கொண்டது. நானும் நம் மகள் தர்ஷிகாவும் நலம். உங்கள் அப்பாவை அந்த வரியில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். போனில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். ஒற்றை அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாமா காதில் விழுகிறது. காது மட்டும்தான் அவருக்கு முன்னைப்போல இருக்கிறது.

அருணாச்சல் மாற்றலை எதிர்த்து நீங்கள் போட்ட கேஸ் தள்ளுபடி ஆன விவரத்தை வக்கீல் எனக்கும் சொன்னார். யாரை எங்கே மாற்றுவது என்பது ராணுவத்தின் பொறுப்பு, குடும்பக் கஷ்டம் மெய்யாகவே பெரிதாக இருந்தால்தான் தலையிடுவோம் என்று தீர்ப்பாயத்தில் சொல்லிவிட்டார்களாம். அப்பா நுரையீரல் கெட்டு ஆக்சிஜனில் கிடக்கிறார், மதுரைப் பக்கம் போஸ்டிங் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களோ, அப்பா நன்றாக நடமாடுகிறார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ வேண்டுமென்றே பொய் எழுதிவிட்டான் என்று போனில் கொதித்தீர்கள். அப்படி இல்லை மச்சான். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் வந்த அன்று நான் பட்டாசுக் கம்பெனியில் வேலையில் இருந்தேன். சீசன் நேரம், லோடு ஏற்றும் நாள், லீவு கேட்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்கா நேற்றுதான் வாயைத் திறந்தார். ஆபீசருக வந்திருக்காக என்று தெருவில் யாரோ சொன்னதும், மாமா மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜன் மெஷினைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளி, சாக்கைப் போட்டு மூடினாராம். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்து வந்து, வாங்க சார், கலர் குடிக்கீகளா என்று கேட்டிருக்கிறார். உடம்புக்கு என்ன என்றதற்கு, எனக்கென்ன சார், கல்லு கணக்கா இருக்கேன், ஒரு குறையும் இல்ல என்றாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிறகு யோசித்தேன். பட்டாசுக் கம்பெனிக்கு ஆபீசர் வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? அதிகப்படி வெடிமருந்தைச் சாக்குப் போட்டு மூடுகிறோம். கூடுதல் ஆட்கள் பின்கேட் வழியாக ஓடுகிறார்கள். கேட்டால் ஒரு குறையும் இல்லை சார் என்கிறோம். போர்மேன் சொல்லிக்கொடுத்த பாடம். அதே மாதிரிக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையிலேயே ஆயுசைக் கழித்த மாமாவுக்கு, ஆபீசர் என்ற சொல் கேட்டதும் கை தானாக மூடிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்த நேரத்தில் அதை எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

அவர்கள் தலை மறைந்ததும் வாசல்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். கொல்லைக்குப் போகையில் தலை சுற்றியது என்று என்னிடம் சொன்னது பொய். அன்று படுத்தவர் எழவில்லை. கரண்ட் போனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன்னால்தான் கேஸ் தோற்றது என்று மாமாவுக்குத் தெரியாது. வாய்தா போட்டிருக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

மேல்கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டேன். போகலாம்மா, அதுவரை உங்க மாமா தாங்கணுமே என்றார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. உத்தரவுப்படி நீங்கள் அருணாச்சலுக்குக் கிளம்புங்கள். முரண்டு பிடித்தால் வேலையும் போய்விடும்.

நேற்று மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குமாருக்கு எம்புட்டு லீவு மிச்சம் இருக்கு என்று கேட்டார். கேஸுக்கு அலைந்தது போக ஒரு தடவை வந்து போகத்தான் இருக்கும் என்றேன். அதை இப்ப உடைக்க வேண்டாம்னு எழுது தாயி, பின்னால தேவைப்படும் என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நான் கேட்பது வேறு. அந்த ஒரு தடவை, மாமா கண் திறந்திருக்கும் இப்போதே வாருங்கள். கொள்ளி வைக்கப் பங்காளி எவராவது கிடைப்பார். ஊர் பேசினால் பேசட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். புது யூனிட்டில் சேர்ந்த உடனே லீவு தர மாட்டார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேளுங்கள். கேட்கும்போது, வீட்டில் எப்படி இருக்கிறது என்று உங்கள் ஆபீசர் விசாரித்தால், ஒரு குறையும் இல்லை சார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொள்ளுங்கள். மாரியம்மன் உங்களைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் வழி பார்த்திருக்கும்
பாண்டிச்செல்வி