ஜோடி கிடைக்காத சாமான்கள்

ஜூன் 4

இன்று புது வீட்டுக்குப் போனவை மெத்தைகள், டேபிள் ஃபேன், இவர் கல்லூரியில் படித்தபோது வாங்கி இன்றுவரை தூக்காத டம்பெல்ஸ். அடுப்பு போகவில்லை. குட்டியின் மரத்தொட்டிலும் போகவில்லை.

ஊரில் எல்லாரும் ஒரே நாளில் வீடு மாற்றுகிறார்கள். வண்டி வரும், ஆட்கள் வருவார்கள், சாயங்காலம் புது வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். நாங்கள் மட்டும் சைக்கிளில் மாற்றுகிறோம். போன தடவை வண்டிக்காரர்கள் பீரோக் கண்ணாடியை உடைத்தது இவருக்கு இன்னும் ஆறவில்லை. "ரெண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு வண்டி எதுக்கு? அந்தச் சந்துக்குள்ள வண்டியும் வராது. மாசக் கடைசி வரைக்கும் ரெண்டு சாவியும் நம்மகிட்டதானே இருக்கு?" என்கிறார். ஆபீஸ் போவதற்கு முன் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை.

தொட்டிலை முதலில் கொண்டுபோகச் சொன்னேன். "அதுக்கு ஜோடி கிடைக்கலையே" என்றார்.

ஜோடி என்றால், கேரியரின் ஒரு பக்கம் தொங்கும் சாமானுக்குச் சமமான எடையில் மறுபக்கம் ஒன்று. இல்லாவிட்டால் ஹேண்டில் இழுக்குமாம். உடம்பு எடை பார்க்கிற மெஷின் கூடத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அதில் ஏற்றி இறக்கி, வரன் பார்க்கிற மாதிரி பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 6

மெத்தை அங்கே போனதால் நாங்களும் அங்கே போய்விட்டோம். படுக்கை புது வீட்டில், சமையல் பழைய வீட்டில். இடுப்பில் குட்டி, கையில் தூக்கு, தோளில் அவன் துணிப் பை என்று நாள் முழுக்க நடக்கிறேன்.

சிலிண்டரையாவது கொண்டுபோங்கள் என்றேன். அதற்கு அரிசி டின்னை ஜோடியாக வைத்திருந்தாராம், இன்று பார்த்தால் எடை ஒத்து வரவில்லையாம். "அரிசி குறைஞ்சிருக்கே!" என்கிறார். சமைத்தால் குறையாதா? நாலு நாளாக நாம் என்ன காற்றையா சாப்பிட்டோம்?

ஜூன் 7

பிரஷ் அங்கே. பேஸ்ட் இங்கே.

ஜூன் 9

தம்பி போன் செய்தான். "அக்கா, இப்ப உங்க வீடு எந்தத் தெருவுல இருக்கு? முனை திரும்பிடுச்சா?" சிரித்தேன். வைத்த பிறகு அழுகையாக வந்தது.

காலையில் இஸ்திரி டேபிளைக் கேரியரில் குறுக்கே கட்டி, மேலே சுருட்டிய பாயை வைத்துக்கொண்டு இவர் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், "சார், பறக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். அதைப் பதக்கம் வாங்கியவர் மாதிரி வந்து சொல்கிறார். எதிரே பஸ் வந்திருந்தால்? அந்த டேபிள் யார் மேலாவது பட்டிருந்தால்? இவர் முனையில் திரும்பும்வரை வாசலில் நிற்பதே எனக்குத் தனி வேலையாகிவிட்டது.

ஒரு பக்கமாக வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன்.

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு சைக்கிள் எதுக்கு?"

நானும் இயற்பியல் படித்தவள்தான். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வண்டி சாயாது என்று எனக்கும் தெரியும். பசியில் அழுகிற குழந்தையிடம் அதைப் போய்ச் சொல்லட்டும்.

ஜூன் 11

குட்டி இப்போது எதையாவது பிடித்து எழுந்து நிற்கிறான், விட்டால் தவழ்ந்து ஓடுகிறான். தரையில் மெத்தை போட்டால் தூக்கத்திலேயே உருண்டு இறங்கிவிடுகிறான். புது வீடு மாடி. கதவைத் தாண்டினால் நேராகப் படிதான், தடுப்பு இல்லை. நாலு பக்கமும் மரச்சட்டங்களால் அழி வைத்த தொட்டில் ஒன்று இருக்கிறது, பழைய வீட்டில், சும்மா. தச்சர் ஆணி அடித்துச் செய்தது, கழற்ற வராது. அதனால் இவர் கணக்கில் அது கடைசி.

இன்றும் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். இவருடைய 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா?

ஜூன் 12

எழுதிவிட்டால் தேவலை.

மத்தியானம் குட்டி தூங்கினான். எழுந்ததும் பால் கேட்பான். அடுப்புக்காகப் பழைய வீடுவரை போக முடியாது என்று, கீழ் வீட்டுத் தையல் அக்காவிடம் பாலைச் சுட வைத்துத் தரச் சொல்லிப் போனேன். அழுதால் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன். அதுதான் நான் செய்தது.

அவன் அழவேயில்லை. பாலோடு படியேறி, தலையை நிமிர்த்தினால் — மேல் படியில் குட்டி. இரண்டு கையும் அடுத்த படியில். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே முன்னால சாயறான். ஐயோ, நான் எப்படி ஏறினேன், பாலை எங்க போட்டேன், எதுவும் தெரியல. அவன் சட்டை என் கைக்குள்ள இருந்துச்சு, அவ்வளவுதான் தெரியும்.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். படியெல்லாம் பால். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பிடிச்சிட்டேல்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒண்ணுமில்லையா? ஒரு படி தாமதமாக வந்திருந்தால்?

ஜூன் 13

கதவை நான் சாத்தியிருக்க வேண்டுமாம்.

ஜூன் 14

நேற்று அதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை. இவரோடு பேசவும் இல்லை. காலையில் டயரில் காற்றில்லை என்று சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே ஆபீஸ் போனார்.

சாயங்காலம் குட்டியைத் தையல் அக்காவிடம் விட்டேன். "எங்க கிளம்பிட்ட?" என்றார். "தொட்டில் எடுக்க." "தனியாவா?" சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றடித்தேன். பழைய வீட்டிலிருந்து தொட்டிலை இழுத்து வந்து, கவிழ்த்து, சீட்டுக்கும் கேரியருக்கும் மேலே ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. இவருடைய கயிறு எல்லாவற்றையும் போட்டுக் கட்டினேன். ஜோடி இல்லை, எடை இல்லை. தள்ளினேன்.

முதல் தெரு வந்துவிட்டது. முனையில் திரும்பும்போது தொட்டில் சரிந்து என் தோள்மேல் சாய்ந்தது. விட்டால் விழும். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் முடியவில்லை. போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். ஒரு பெரியவர் நின்று, "வண்டி வச்சிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. ஆபீஸிலிருந்து நடந்து வந்த இவர் எதிரே வந்து நின்றார். தொட்டிலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"கட்டினது தப்புன்னு சொன்னீங்கன்னா இதை இங்கயே போட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன். "அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். நான் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினேன். வழியில் மெதுவாக, "அவன் விழுந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"விழல. பேசாம பிடிங்க."

சந்தில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தையல் அக்கா நின்றார். "பிள்ளை இங்க இருக்கான், வெறுந்தொட்டிலுக்கு ஊர்வலமா? வழி விடுங்கப்பா, ராஜா கட்டில் வருது!" என்றார். மாடிப்படியில் அதை ஏற்றும்போது சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. என் முழங்கையிலும் தோல் உரிந்தது. இருக்கட்டும்.

ஜூன் 15

அழிக்குள் குட்டி தூங்கினான். நானும் எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணை மூடினேன். கோபம் போய்விட்டதா? இல்லை. அந்த மேல் படியைப் பார்க்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது.

ஜூன் 16

காலையில் இவர் ஷேவ் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார். "இன்னைக்கு எதை எடுக்கட்டும்?"

"அடுப்பு. அப்புறம் சிலிண்டர்."

"சிலிண்டர் ஒரு பக்கமா..." என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ வந்து பிடிக்கிறியா?" என்றார்.

குட்டிக்கு ஊட்டி முடித்துத்தான் வருவேன் என்றேன். அவன் இன்று பார்த்து வாய்க்கு வாய் விளையாடினான். ஊட்டி, வாய் துடைத்து, அக்காவிடம் விட்டு, தலையை வாரி முடிந்துகொண்டு இறங்கினேன். அதுவரை இவர் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார்.